நடுச்சுவரை எடுக்கலாமா? சுமை தாங்குவது எது என்று அறிவது எப்படி?

வடக்குவீதி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1984-இல் கட்டிய வீட்டில்தான் நாங்கள் இன்றும் குடியிருக்கிறோம். தூண் என்று எதுவும் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்களின் மேல் கான்கிரீட் தளம் போட்ட, அந்தக் காலத்து வழக்கமான வீடு. கூடம் 11 அடி அகலமும் 23 அடி நீளமும் உடையது. அதை ஒட்டி, அதே நீளத்தில், 10 அடி அகலத்தில் படுக்கையறையும் பூசையறையும் இருக்கின்றன. இவ்விரண்டு அறைகளுக்கும் நடுவே நாலரை அங்குலத் தடுப்புச்சுவர் ஒன்று உண்டு. 1998-இல் மாடியில் ஓர் அறை எடுத்தோம்.

அம்மாவுக்குச் சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். படுக்கையறைக் கதவு இரண்டரை அடி அகலமே என்பதால் ஒவ்வொரு முறையும் நாற்காலி நிலையில் இடிக்கிறது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள நடுச்சுவரையே எடுத்துவிட்டால் காற்றோட்டமும் கிடைக்கும், அம்மாவும் எல்லாரோடும் இருப்பார் என்பது தம்பியின் யோசனை. கொத்தனார் ஒருவர் வந்து, சுவரைக் கையால் தட்டிப் பார்த்து, மேலே இருப்பது கான்கிரீட் தளம் என்பதால் அது தன்னால் நிற்கும், இது வெறும் மறைப்புதான், இரண்டு நாளில் உடைத்துத் தருகிறேன் என்றார். என் மனம் ஒப்பவில்லை. ஒரு சுவர் சுமை தாங்குகிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

கம்பிக்கணக்கு

ஐயா, முதலில் அந்த வேலையை நிறுத்தி வையுங்கள். நான் கட்டுமானப் பொறியாளன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலை. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் கொடுத்த அளவுகளே நிறையச் சொல்கின்றன.

பழைய பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, நட்ட இரண்டு கற்களின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தி வைப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் இன்னொருவர் கை உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். தாங்கும் கட்டுமானம் எல்லாமே அந்த மூன்று கற்களின் விரிவுதான். கிடக்கும் கல் வளைய முயல்கிறது. நிற்கும் கற்கள் நசுங்க முயல்கின்றன. அவற்றின் அடியிலுள்ள மண் அமுங்க முயல்கிறது. சுமை உச்சியிலிருந்து மண்வரை எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில் நிற்பதெல்லாம் சுமை தாங்குவது. அந்த வழிக்கு வெளியே நிற்பது தாங்காதது. எனவே தட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மொட்டை மாடியில் தொடங்கி, இந்தத் தளம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அது எதன் மேல், அது எதன் மேல் என்று கேட்டுக்கொண்டே அடித்தளம்வரை இறங்கி வர வேண்டும்.

உங்கள் வீட்டில் 23 அடி நீளத்துக்கு இரண்டு பட்டைகளாகத் தளம் கிடக்கிறது. ஒன்று 11 அடி அகலம், மற்றது 10 அடி அகலம். நீளம் அகலத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால், தளம் குறுகிய பக்கமாகத்தான் சுமையைக் கடத்தும். முதன்மைக் கம்பியும் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். அதாவது இரு பட்டைகளின் சுமையிலும் ஏறத்தாழப் பாதி, அல்லது அதற்குச் சற்று மேல், உங்கள் நடுச்சுவரில் வந்து இறங்குகிறது. வீட்டிலேயே மிகுதியாகச் சுமப்பது அந்தச் சுவராகத்தான் இருக்கும்.

அதை எடுத்தால் தளம் 10, 11 அடிக்குப் பதிலாக 21 அடி தாண்டி நிற்க வேண்டும். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் உள்ள தொலைவு இரு மடங்கானால், அதே கனமுள்ள தளத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகிறது. தொய்வு பதினாறு மடங்காகிறது. அதைவிட அச்சம் தருவது கம்பி இருக்கும் இடம். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும்; இழுவிசையில் விரிசல் விடும். அதனால் இழுவிசை வரும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம். அறையின் நடுவில் தளத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. சுவரின் மேல் கடக்கும் இடத்திலோ தளத்தின் மேற்பக்கம் இழுபடுகிறது. 1980-களில் சுவரை நெருங்கும் இடத்தில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை வளைத்து மேலே தூக்கிக் கட்டுவது வழக்கம். சுவரை எடுத்துவிட்டால், சுவரின் தலைக்கு மேல் இருந்த அந்த இடமே புதிய கூடத்தின் நடுவாகிவிடும். அங்கே இழுவிசை கீழே வரும், கம்பியில் பாதியோ மேலே இருக்கும்.

எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். மாடியறையின் சுவர் எதுவும் இந்தச் சுவரின் நேர் மேலே நிற்கிறதா? பூச்சை நீக்கிவிட்டு அளந்தால் நடுச்சுவரின் கனம் எவ்வளவு?

கொத்துக்கரண்டி

நான் மேஸ்திரி. அந்தக் கொத்தனாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்களில் பலருக்குக் கற்றுக்கொடுத்தவர்களே இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கான்கிரீட் என்றால் தன்னால் நிற்கும் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் நேரில் பார்த்தவன் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் அந்தரத்தில் நிற்பது. அதற்கு முதன்மைக் கம்பி மேற்பக்கம் வர வேண்டும். நான் சித்தாளாக இருந்த காலத்தில் ஒரு வேலையில், கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பியின் மேலேயே நடந்தார்கள்; கட்டிய கம்பி பலகையோடு பலகையாக அமுங்கிவிட்டது. யாரும் தூக்கிவிடவில்லை. பதினைந்து நாள் கழித்து முட்டுக் கம்புகளை எடுத்தபோது நான்கடி நீள சன்ஷேடு சுவரோரமாகப் பிளந்து, கீழ்ப்பக்கக் கம்பியில் தொங்கியது. நல்ல வேளையாகக் கீழே யாரும் இல்லை. பிளந்த வாயைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேல் மூன்று அங்குலத்துக்கு ஒரு கம்பிகூட இல்லை, வெறும் ஜல்லியும் சிமெண்டும். அன்றிலிருந்து என் வேலையில் சன்ஷேடுக் கம்பிக்கு அடியில், அதைத் தூக்கிப் பிடிக்கும் நாற்காலிக் கம்பி வைக்காமல் கான்கிரீட் கொட்ட விடுவதில்லை.

முட்டுக் கொடுப்பதிலும் ஒன்று உண்டு. சவுக்குக் கம்பு பத்தடி உயரத்துக்கு நிற்கும்போது நசுங்கி உடைவதில்லை. நடுவில் வில்லாக நெளிந்துதான் ஒடிகிறது. சரியாக நடுவில் குறுக்குக் கம்பு கட்டி எல்லாவற்றையும் இரண்டு திசையிலும் பிணைத்துவிட்டால் அதே கம்பு பல மடங்கு தாங்கும். என் குரு சொல்லிக்கொடுத்தது இது. காரணம் எனக்குத் தெரியாது.

கம்பிக்கணக்கு

மேஸ்திரி அண்ணா, உங்கள் குரு சொன்னதற்கு 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித அறிஞர் கணக்கு எழுதிவைத்தார். மெலிந்த தூண் நெளிந்து ஒடியும் சுமை, அதன் நீளத்தின் இருபடிக்குத் தலைகீழாக அமைகிறது. நீளம் பாதியானால் தாங்குவது நான்கு மடங்கு. நடுவில் குறுக்குக் கட்டும்போது ஒரு பத்தடிக் கம்பை இரண்டு ஐந்தடிக் கம்புகளாக ஆக்கிவிடுகிறீர்கள். அந்தக் குறுக்குக் கம்பின் மேல் எடை என்று எதுவும் ஏறவில்லை, ஆனாலும் அதை உருவினால் முட்டு முழுவதும் சாயும். சுமையைத் தாங்குவது வேறு, தாங்குவதை நிலைநிறுத்துவது வேறு, இரண்டுமே வேண்டும்.

கல்மண்டபம்

கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. அழகுக்காக என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கருங்கல் அமுக்கத்தை மிக நன்றாகத் தாங்கும். இழுவிசையில் அதன் வலிமை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கல் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுவதால் அதை நீளமாக விட முடியாது. ஆகவே தூணை நெருக்கினார்கள். அதோடு தூணின் தலையில் இரு பக்கமும் கை நீட்டியது போல் போதிகை வைத்தார்கள். எட்டடி இடைவெளியில் இருபுறமும் போதிகை ஓரடி நீண்டால், உத்தரம் கடக்க வேண்டியது ஆறடிதான். கம்பிக்கணக்கு ஐயா சொன்ன கணக்கின்படி வளைக்கும் விசை பாதியை நெருங்கிக் குறைகிறது. பூமொட்டும் தாமரையும் செதுக்கிய அந்தப் போதிகையை வெறும் அலங்காரம் என்று எண்ணி யாராவது கொத்திவிட்டால், உத்தரத்தின் அடிவயிற்றில் விரிசல் தோன்றும்.

பனங்காடு

எங்கள் ஊர்ப்பக்கம் ஓட்டுவீடுகளுக்குக் கைமரம் என்றால் பனைதான். அப்பாவும் தாத்தாவும் தச்சர்கள். பனையைப் பிளந்தால் உள்ளே பஞ்சு போல் சோறு இருக்கும். வெளிவட்டத்தில் ஓரிரண்டு அங்குலக் கனத்துக்குக் கறுத்த நாரோடு வைரம் இருக்கும். சோற்றைச் செதுக்கிப் போட்டுவிட்டு வைரத்தைச் சட்டமாக இழைப்பார்கள். அந்த வைரத்தில் ஆணி இறங்காது. துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். தேக்குக்கும் வேம்புக்கும் நேர்மாறு இது. அவற்றுக்கு வைரம் நடுவில்.

இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியத்தின் மரபியல் தெளிவாகச் சொல்கிறது. வெளியே காழ், அதாவது வைரம், உடையவை புல், உள்ளே காழ் உடையவை மரம் என்பது அதன் பகுப்பு. பனையும் தென்னையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல்வகை. அதைப் பெயரிடும் வழக்கம் என்றுதான் பள்ளியில் படித்தேன். உளியும் கையுமாக நின்றபோதுதான் அது தாங்கும் முறையைப் பற்றிய கூர்மையான பார்வை என்று புரிந்தது.

காற்றில் வளையும் தண்டில் ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் அமுங்குகிறது. நடு அச்சில் இரண்டும் இல்லை. விளிம்பை நோக்கிப் போகப் போகத்தான் விசை கூடுகிறது. ஆகவே பனை தன் வலுவை எங்கே வேண்டுமோ அங்கே வைத்திருக்கிறது. மூங்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வேண்டாத நடுவை வெறுமையாகவே விட்டுவிட்டது. ஒரே அளவு பொருளில் செய்தால் உள்ளீடற்ற தண்டு திரண்ட தண்டைவிட வளைவைத் தாங்கும் என்பதைக் கலிலியோ 1638-லேயே நாணலையும் பறவை எலும்பையும் காட்டி எழுதியிருக்கிறார். வெறுங்குழல் என்றால் வளையும்போது சப்பையாகி மடிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் மூங்கிலுக்குக் கணு. ஒவ்வொரு கணுவிலும் உள்ளே ஒரு தட்டு அடைப்பாக நிற்கிறது. மேஸ்திரி அண்ணன் சவுக்குக் கம்புக்கு நடுவில் குறுக்குக் கட்டுவதைப் படித்ததும் எனக்கு அந்தக் கணுதான் நினைவுக்கு வந்தது.

ஆலவிழுது

கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். மேஸ்திரி அவர்கள் சொன்ன சன்ஷேடு, மரக்கிளைக்கும் பொருந்தும். கிளையும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீள்வதுதான். மா, வேம்பு போன்ற அகன்ற இலை மரங்கள் பெரும்பாலும் கிளையின் மேற்பக்கத்தில் இழுவைக் கட்டை என்ற தனி வகைக் கட்டையை வளர்க்கின்றன. அதன் நார்கள் சுருங்கிக் கிளையை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. சன்ஷேடின் மேற்பக்கக் கம்பி எந்த இடத்தில் வேண்டுமோ அதே இடத்தில் மரம் அதை வைக்கிறது. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் இதே வேலையை எதிர்ப்பக்கத்தில் செய்கின்றன. கிளையின் அடியில் அடர்ந்த அமுக்கக் கட்டையை வளர்த்து, அதைக் கீழிருந்து தாங்குகின்றன.

ஆலமரம் இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்கிறது. கிளை நீண்டு கனக்கும்போது விழுது இறக்குகிறது. காற்றில் தொங்கும்போது விழுது தளர்ந்த கயிறு. மண்ணைத் தொட்டு வேர்விட்ட பிறகு அது தன் நீளத்தில் சுருங்கி விறைக்கிறது. ஆலின் உறவான வெள்ளால் வகையொன்றின் விழுதுகளில் அப்போது இழுவைக் கட்டை உண்டாவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விறைத்த விழுது ஆண்டுக்கு ஆண்டு பருத்து, தொங்கிய கயிறு தாங்கும் தூணாகிவிடுகிறது.

ஹௌராவில் உள்ள தாவரவியல் பூங்காவின் பேராலமரத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1864-லும் 1867-லும் வீசிய புயல்களில் அது காயப்பட்டது. காயத்தின் வழியே பூசணம் ஏறி அடிமரம் உளுத்துப்போனதால் 1925-இல் அடிமரத்தை வெட்டி அகற்றினார்கள். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல் நின்று அது இன்னும் படர்ந்துகொண்டிருக்கிறது. சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரமும் அப்படித்தான். 1989-இல் புயலில் அடிமரம் விழுந்தது, விழுதுகள் மரத்தைக் காத்தன. கறையான் அரித்த ஆலை அதன் விழுது தாங்குவதைத் தந்தையைத் தாங்கும் மகனுக்கு உவமையாக நம் பழம்பாடல் சொல்கிறது. அங்கே தாங்குவதைக் குறிக்க வரும் மதலை என்ற சொல்லுக்குத் தூண் என்றும் பிள்ளை என்றும் இரு பொருளும் உண்டு.

புதுமனை

ஆலமரத்தில் நடுத்தண்டையே எடுத்தும் மரம் நிற்கிறது என்றால், ஒரு சுவரை எடுத்தால் வீடு விழும் என்பது மிகையான அச்சம் இல்லையா? கான்கிரீட் ஒரே உடலாக வார்க்கப்பட்டது. ஒரு பக்கம் தாங்கல் போனால் சுமை மறுபக்கம் மாறிக்கொள்ளாதா? தவறாக எண்ண வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

கம்பிக்கணக்கு

நல்ல கேள்வி, இந்த இழையில் எனக்கு மிகவும் வேண்டியிருந்த கேள்வியும் இதுதான். மாறிக்கொள்ளும், ஆனால் மாறிப் போக வேறு வழி முன்பே இருந்தால்தான். ஆலமரத்தின் அடிமரம் போவதற்கு முன்பே விழுதுகள் பல பத்தாண்டுகளாகப் பருத்து, மண்ணில் ஊன்றி, தங்கள் பங்கைச் சுமந்துகொண்டிருந்தன. வடக்குவீதி ஐயாவின் வீட்டுத் தளத்துக்கு அப்படி விழுதுகள் இல்லை. மரம் சுமை கூடும் இடத்தில் கட்டையைக் கூட்டிக்கொள்ளும். கான்கிரீட் வார்த்த அன்றைக்கு இருந்ததுதான் என்றைக்கும்.

தென்கொரியாவின் சியோலில் சம்பூங் என்ற ஐந்து மாடிப் பல்பொருள் அங்காடி 1995 ஜூன் 29 அன்று இடிந்து 502 பேர் இறந்தனர். உத்தரங்களே இல்லாமல், தட்டையான தளம் நேராகத் தூண்களின் தலையில் உட்காரும் முறையில் கட்டப்பட்டது அது. அந்த முறையில் தளத்துக்கும் தூணுக்கும் உள்ள உறவு ஒரு காகிதத்தைப் பென்சில் முனையில் நிறுத்துவது போன்றது. சுமை மிஞ்சினால் தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலேறும். 80 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டிய தூண்களை 60 சென்டிமீட்டராகக் குறைத்திருந்தார்கள். நகரும் படிக்கட்டுக்காகச் சில தூண்களை எடுத்திருந்தார்கள். நான்கு மாடிக்கு எண்ணிய கட்டடத்தில் ஐந்தாவதை ஏற்றி, அதில் உணவகங்களை வைத்தார்கள். மொட்டை மாடியில் இருந்த கனமான குளிர்சாதன இயந்திரங்களை 1993-இல் தளத்தின் மேலேயே உருட்டி இடம் மாற்றினார்கள். விரிசல்கள் அந்தப் பாதையில் இருந்த தூண்களைச் சுற்றிப் பெருகின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது. நின்றதையே சான்றாக வைத்து அடுத்த மாற்றத்தைச் செய்தார்கள். கடைசியில் ஒரு தூணின் தலை துளைத்ததும் அதன் சுமை பக்கத்துத் தூணுக்குப் போனது. அதற்கும் மிச்சமாக வலு இல்லை. அரை நிமிடத்துக்குள் ஒரு பகுதி முழுவதும் தரைமட்டமாகிவிட்டது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது லண்டனில் 1968 மே 16 அன்று நடந்தது. ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18-ஆம் மாடியில் ஒரு வீட்டில் எரிவாயு வெடித்து மூலைச்சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டது. மேலே இருந்த மாடிகள் அந்த ஒரு பலகையை நம்பித்தான் நின்றன. அவை சரிந்து விழுந்த வேகத்தில் கீழே இருந்தவையும் அடுக்கடுக்காகச் சரிந்து கட்டடத்தின் ஒரு மூலையே போனது. நான்கு பேர் இறந்தனர். ஓர் உறுப்பு போனால் அதற்கு ஏற்ற அளவில்தான் சேதம் இருக்க வேண்டும், கட்டடமே போகக் கூடாது என்ற விதி பிரிட்டனில் அதன் பிறகுதான் வந்தது. அந்த விதி கேட்பது, ஒரு வகையில், கட்டடத்துக்கு விழுது விடச் சொல்வதுதான். கம்பிகளைத் தூணின் வழியே தொடர்ந்து ஓட விட்டு, தளங்களைச் சுவரோடு பிணைத்து, ஒரு வழி அடைபட்டால் மறுவழியை முன்கூட்டியே செய்து வைக்கிறோம். 1984-இல் ஒரு தனி வீட்டுக்கு யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

தென்னந்தோப்பு

இயற்கையைப் போற்றுங்கள், ஆனால் அது எல்லாவற்றையும் தாங்கும்படி செய்திருக்கிறது என்ற எண்ணம் வர வேண்டாம். நான் டெல்டாக்காரன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது லட்சக்கணக்கான தென்னைகள் போயின. எங்கள் தோப்பில் நின்றவற்றை விரல்விட்டு எண்ணலாம். பொழுது விடிந்து போய்ப் பார்த்தபோது பாதிக்குமேல் ஒடியவே இல்லை. வேர்க்குடையோடு பெயர்ந்து கிடந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். தண்டு தன் வேலையைச் செய்தது; மண் பிடியை விட்டது. வரப்போரம் நின்ற பனைகளில் ஒன்றிரண்டுதான் சாய்ந்திருந்தன. சுவரையும் தூணையும் பேசும்போது அடியில் இருக்கும் மண்ணையும் சுமைதாங்கி என்றே எண்ணுங்கள். நம் வீடுகளில் மாடி எடுக்கும்போது அதை யாருமே கேட்பதில்லை.

நடைபயிற்சி

நான் இயன்முறை மருத்துவர். கேள்வி கேட்டவரின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது என்பதைப் படித்ததால் எழுதுகிறேன், ஏனென்றால் நம் உடலில் மிகத் தெளிவாகச் சுமை தாங்கும் உறுப்பு தொடை எலும்பின் மேல்முனைதான்.

உடலின் எடை இடுப்பிலிருந்து நேராகத் தொடைக்கு இறங்குவதில்லை. பந்து போன்ற தலையில் ஏறி, சாய்வான கழுத்தின் வழியே பக்கவாட்டில் வந்துதான் தண்டில் இறங்குகிறது. மேஸ்திரி சொன்ன அந்தரச் சன்ஷேடு போல, கழுத்தின் மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் அமுங்கும். எலும்பை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உள்ளே பஞ்செலும்பின் மெல்லிய இழைகள் இரண்டு வளைவுத் தொகுதிகளாக, ஒன்றை ஒன்று ஏறத்தாழச் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டு ஓடும். 1866-இல் சூரிச்சில் உடற்கூற்றியலாளர் ஹெர்மன் ஃபொன் மேயர் இதன் படத்தைக் காட்டியபோது, பொறியாளர் கார்ல் குல்மன் அதில் தாம் வளைந்த பாரந்தூக்கிக்கு வரையும் விசைக்கோடுகளையே கண்டார். 1892-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியுஸ் வொல்ஃப், எலும்பு தன் மேல் வரும் சுமைக்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார். அவருடைய கணக்கின் நுணுக்கங்களைப் பிற்காலத்தவர் ஏற்கவில்லை, ஆனால் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

எலும்பில் அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. சுமை வரும் இடத்தில் கட்டுவது மிகும். வராத இடத்தில் அரிப்பது மிகும். டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மறு கையைவிடக் கனமாக இருக்கும். எடையற்ற விண்வெளியில் தங்குபவர்கள் இடுப்புப் பகுதி எலும்பில் மாதம் ஒன்றுக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழக்கிறார்கள். சக்கர நாற்காலியில் நெடுநாள் இருப்பவருக்கும் இதே திசையில்தான் நடக்கும். ஆகவே ஐயா, கதவை அகலமாக்குவது நல்லதே. அதோடு அம்மாவை மருத்துவரின் ஒப்புதலுடன் நாளுக்குச் சில நிமிடங்களாவது பிடித்துக்கொண்டு நிற்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த எலும்புக்குச் சுமை வேண்டும்.

வடக்குவீதி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. வேலையை நிறுத்திவிட்டேன். உள்ளூர்ப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தோம்.

மாடியறையின் கிழக்குச்சுவர் சரியாக நடுச்சுவரின் மேலேதான் நிற்கிறது. எனக்கு இது தெரிந்தே இருந்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் மேலும் கீழும் ஏறி இறங்கியும் இரண்டையும் சேர்த்து எண்ணியதே இல்லை. பூச்சை ஓரிடத்தில் கொத்தி அளந்தோம். செங்கல் ஒன்பது அங்குலம். கூடத்தின் தளத்தில் உள்ளங்கை அளவுக்குக் கீழ்ப்பூச்சை நீக்கியபோது முதன்மைக் கம்பி நடுச்சுவரை நோக்கித்தான் ஓடுகிறது. படுக்கையறைக்கும் பூசையறைக்கும் இடையிலுள்ள நாலரை அங்குலச் சுவருக்கும் தளத்துக்கும் இடையே காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அது தளம் போட்டு வெகுநாள் கழித்து எழுப்பியது என்று அம்மாவே சொன்னார். நாங்கள் தொடக்கூடாது என்று எண்ணியிருந்த அந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை. எடுக்கலாம் என்று நினைத்த சுவர் வீட்டையே தாங்குகிறது.

நடுச்சுவரை அப்படியே விட்டுவிட்டு, கதவை மட்டும் மூன்றரை அடியாக்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதைச் செய்யும் முறையைச் சொல்ல முடியுமா?

கம்பிக்கணக்கு

மிகச் சரியான முடிவு. முறையை உங்கள் பொறியாளர் நேரில் சொல்வதுதான் கணக்கு; நான் வழக்கமாகச் செய்வதை மட்டும் எழுதுகிறேன்.

செங்கற்சுவரில் திறப்புக்கு மேல் சுமை தானாகவே இரு பக்கமும் வளைந்து பிரிகிறது; திறப்பின் தலையில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் ஒரு முக்கோணம் மட்டும் லிண்டலின், அதாவது திறப்பின் தலையில் குறுக்கே கிடக்கும் உத்தரத்தின், மேல் உட்காருகிறது. அந்த வளைவு ஊன்ற இரு பக்கமும் போதிய சுவர் வேண்டும், எனவே கதவைச் சுவர் மூலைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். முதலில் சுவரின் இரு பக்கமும் தளத்துக்கு இரும்பு முட்டு வைத்து, அடியிலும் தலையிலும் கனமான பலகை கொடுங்கள். பிறகு, பழைய லிண்டலுக்கு மேலே ஒரு பக்கத்தில் மட்டும், சுவரின் பாதிக் கனத்துக்குக் காடி வெட்டி இரும்புச் சட்டத்தைப் பதித்து, மேலுள்ள இடுக்கைத் தண்ணீர் குறைந்த கெட்டிக் கலவையால் இடித்து அடையுங்கள். அது இறுகிய பிறகு மறுபக்கம். இரண்டும் தாங்கத் தொடங்கிய பின்பே பழைய லிண்டலையும் பக்கச்சுவரையும் எடுக்க வேண்டும். சட்டம் இருபுறமும் சுவரில் ஒன்பது அங்குலமாவது அமர வேண்டும். ஒரே நாளில் முடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வடக்குவீதி

வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கொத்துக்கரண்டி அண்ணன் எழுதியதை எங்கள் கொத்தனாருக்கே படித்துக் காட்டினேன். அவரே பொறியாளரின் மேற்பார்வையில் வேலையைச் செய்தார். இரண்டாம் பக்கத்துக் காடி வெட்டும்போது பழைய செங்கல் ஒன்று தளர்ந்து கையோடு வந்தது, அவர் உடனே நிறுத்திவிட்டு மேலும் இரண்டு முட்டு கேட்டார். இப்போது நாற்காலி இடிக்காமல் போகிறது. மருத்துவர் ஒப்புக்கொண்டதால், காலையும் மாலையும் அம்மா புதுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் நிற்கிறார். நிலையின் வலப்பக்க மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிகிறது; சாய்வாக, ஒரு சாண் நீளம். பூச்சு காய்ந்ததா, வேறா என்று தெரியவில்லை.

கம்பிக்கணக்கு

பெரும்பாலும் புதுப்பூச்சும் பழைய பூச்சும் சேரும் இடத்துச் சுருக்கமாக இருக்கும், ஆனால் நம்பிக்கையில் விட வேண்டாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் இரு கரையிலும் ஒட்டி வையுங்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு மழைக்காலம் கடக்கும்வரை அந்த இடத்துக்கு வண்ணம் அடிக்காதீர்கள். கோட்டைத் தாண்டி நீண்டாலோ கண்ணாடி உடைந்தாலோ அன்றே உங்கள் பொறியாளரை அழையுங்கள், இங்கேயும் எழுதுங்கள்.